பழுத்த இலை உதிர்ந்தது என்கிறார்களே, அது சரியா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மாண்டலேயில் உங்கள் அப்பா தவறி நாற்பது நாள் ஆகிறது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் “பழுத்த இலை, உதிர்ந்துவிட்டது, இயற்கைதானே” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது ஆறுதலாகவும் இல்லை, மறுக்கவும் தெரியவில்லை. மரணத்தைப் பற்றியும் நிறைவாக வாழ்வதைப் பற்றியும் இயற்கை உண்மையிலேயே ஏதாவது கற்றுத்தருகிறதா, இல்லை நாமாகச் சொல்லிக்கொள்ளும் சமாதானமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதோடு ஒரு வரி: அப்பா வாசலில் வைத்த வேம்பு இந்த மாசியில் ஒரு இலை மிச்சமில்லாமல் கொட்டிவிட்டு நிற்கிறது, அதுவும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது என்று. போகிற போக்கில் எழுதியதுபோல இருந்தாலும், எனக்கு அந்த வரிதான் பெரிதாகப் பட்டது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் இதே பர்மாவில் தெற்கே மோல்மேன்காரன். முப்பது வருடத்துக்கு மேல் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். என் அப்பா அதே ஊரில் மரம் அறுக்கும் மில்லில் கட்டை தரம் பிரிக்கும் வேலை பார்த்தார். ஆகவே மரத்தைப் பற்றி நான் சொல்வதை ஓரளவு நம்பலாம். விலங்குகளைப் பற்றிச் சொல்வது படித்ததும் கேட்டதும்தான். மனத்துயரத்துக்கு மருந்து சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அப்பாவை இழந்தவன் என்ற ஒரு தகுதியைத் தவிர.

முதலில் இலையைப் பார்ப்போம். உங்களுக்கு அந்தப் பேச்சு உறுத்தியதற்குக் காரணம் உண்டு, உவமையில் ஒரு ஓட்டை இருக்கிறது. இலை ஒரு உயிர் அல்ல, ஒரு உயிரின் உறுப்பு. இலை விழுவது மரத்துக்கு நகம் வெட்டுவதுபோல. உங்கள் அப்பா ஒரு முழு மனிதர், மரம் முழுதும் அவர்தான். அவரை இலை என்று சொன்னால், மரம் யார்? குடும்பமா, ஊரா, மனித குலமா? அதை யாரும் சொல்வதில்லை. சொல்லாமல் விட்டதால்தான் கேட்பவருக்கு, “போனது பெரிய விஷயமில்லை” என்று காதில் விழுகிறது. சொல்பவர்கள் அப்படி நினைத்துச் சொல்வதில்லை. வீட்டு வாசலில் நிற்கும்போது வாய்க்கு எது வருகிறதோ அதைச் சொல்கிறோம், நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

ஆனால் இலை உதிர்வதில் பாதிப் பேருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. இது உறுதியான செய்தி, ஐயமில்லை. இலை செத்ததால் விழுவதில்லை. உயிரோடு இருக்கும் மரம் அதை இறக்கிவிடுகிறது. காம்பின் அடியில் மெல்லிய செல்வரிசை ஒன்று உண்டு. இலை முதுமையடையும்போது அதிலிருந்து வரும் ஆக்சின் என்ற சுரப்பு குறைகிறது, எத்திலீன் என்ற வாயுவின் ஆட்சி கூடுகிறது, அந்த வரிசையில் செல்களின் சுவர் கரைந்து, காம்பு தானாக விடுபடுகிறது. விழுவதற்கு முன்னால் இலையில் இருக்கும் தழைச்சத்திலும் மணிச்சத்திலும் ஏறத்தாழ பாதியை, சில மரங்களில் அதற்கும் மேல், மரம் திருப்பி எடுத்துக்கொள்கிறது. பச்சை போய் மஞ்சள் தெரிவதே இந்தக் காலி செய்யும் வேலையின் அடையாளம். நம் தேக்கங்காட்டில் கோடையில் நடந்தால் காலடியில் அப்பளம்போல நொறுங்கும் இலைகள் எல்லாம் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு வந்தவை.

இதற்கு எதிர்ச்சான்று எளிது. ஒரு பச்சைக் கிளையை வெட்டிப் போடுங்கள், இல்லை இடி விழுந்து பட்டுப்போன கிளையைப் பாருங்கள். அதில் இலை உதிராது. காய்ந்து, சுருண்டு, மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டே இருக்கும். உதிர்வதற்கு உயிர் வேண்டும். கையளிப்பதற்கும் உயிர் வேண்டும். வகுப்பில் இதைச் சொல்லும்போது ஒவ்வொரு வருடமும் கடைசி பெஞ்சில் ஒரு பையனாவது நிமிர்ந்து பார்ப்பான்.

என்னைக் கேட்டால், இலையைவிட உங்களுக்குச் சொல்ல வேண்டியது கட்டையைப் பற்றி. என் அப்பா ஆற்றோரம் கிடக்கும் தேக்குக் கட்டைகளை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். “இது வைரம்” என்பார், அல்லது “வெளிறு அதிகம்” என்பார். வைரம் என்றால் நடுவில் இருக்கும் கருத்த, எண்ணெய்ப் பிசுக்குள்ள பகுதி. வெளிறு என்றால் அதைச் சுற்றியிருக்கும் வெளுத்த பகுதி. நம் மொழியில் ‘வைரம் பாய்ந்த கட்டை’ என்று வயதானவர்களைச் சொல்வது இதிலிருந்துதான். நான் கல்லூரிக்குப் போய்ப் படித்த பிறகுதான் தெரிந்தது, அந்த வைரம் முழுக்கச் செத்த பகுதி. ஒரு செல்கூட அதில் உயிரோடு இல்லை. மரத்தின் உயிர் எல்லாம் பட்டைக்கு அடியில் ஒரு மெல்லிய உறையிலும், வெளிறில் அங்கங்கே சிதறிய செல்களிலும், வேர் நுனியிலும், தளிரிலும், இலையிலும் இருக்கிறது. நூறடி உயர மரம் என்று நாம் அண்ணாந்து பார்ப்பதில் பெரும்பகுதி முன்பு வாழ்ந்து முடித்தது. அதன்மேல் போர்த்தியதுபோல இன்றைய உயிர்.

இன்னும் ஒன்று. வேரிலிருந்து நீர் மேலே போகும் குழாய்கள் இருக்கின்றனவே, அவை செல்களால் ஆனவை. அந்தச் செல் உயிரோடு இருக்கும்வரை குழாய் ஆகாது. சுவரைத் தடிப்பாக்கி முடித்து, உள்ளே இருக்கும் தன் சரக்கை எல்லாம் தானே அழித்துக்கொண்டு, வெறும் கூடானபின்தான் அதன் வழியாக நீர் ஏறும். இதுவும் சந்தேகமில்லாத அறிவியல். நம் உடம்பிலும் சாவு இப்படி வேலை பார்த்திருக்கிறது. கருவில் நம் விரல்கள் தனித்தனியாகப் பிரிந்ததே, இடையில் இருந்த செல்கள் செத்ததால்தான். சாவு என்றால் வாழ்வின் கடைசியில் வெளியிலிருந்து வந்து கதவைத் தட்டுவது என்றே நினைத்துப் பழகிவிட்டோம். மரம் அதை முதல் நாளிலிருந்தே தன் கட்டுமானத்தில் சேர்த்து வைத்திருக்கிறது.

தேக்கை வெட்டும் பழைய முறை தெரிந்தால் இது இன்னும் விளங்கும். பச்சைத் தேக்கு நீரில் மிதக்காது. அதனால் மரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிறையும் ஒரு வளையமாக வெட்டிவிட்டு, நின்ற நிலையிலேயே காய விடுவார்கள். இரண்டு மூன்று வருடம் கழித்து வந்து சாய்த்து, யானையை வைத்து இழுத்து ஆற்றில் விடுவார்கள். 1856ல் கீழ் பர்மாவின் பெகு காடுகளுக்குப் பொறுப்பேற்று வந்த டீட்ரிச் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர், எந்த மரத்தை எப்போது இப்படி வெட்டலாம் என்பதை ஒரு முறைக்குள் கொண்டுவந்தார். கவனியுங்கள், வைரத்தைத் தொடவே இல்லை. வெளியே இருக்கும் அந்த மெல்லிய வளையத்தை அறுத்தாலே மரம் போய்விடுகிறது. உயிர் அவ்வளவு ஒல்லியானது. வைரமோ, செட்டிநாட்டு வீடுகளில் தூணாக நூறு வருடத்துக்கு மேலாக நிற்கிறது. காரைக்குடிப் பக்கம் போனால் நானும் எல்லாரையும்போல ஒரு தூணைத் தட்டிப் பார்ப்பேன், அது எங்கள் ஊர் ஆற்றில் மிதந்து வந்ததாக இருக்கலாம் என்று ஒரு அற்ப ஆசை.

ஆக, உங்கள் அப்பாவை இலை என்பதைவிட வைரம் என்று நினைப்பது உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. ஆனால் இந்த உவமையையும் இழுத்தால் கிழியும், அதையும் சொல்லிவிட வேண்டும். வைரம் உளுத்துப்போய் நடுவே பொந்தாக இருக்கும் மரங்கள் எத்தனையோ ஆண்டுகள் தழைத்து நிற்கின்றன. ரங்கூன் தெருக்களில் நிற்கும் கிழட்டுத் தூங்குமூஞ்சி மரங்களில் பாதிக்கு மேல் உள்ளே வெற்றிடம்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்பாவைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்த பிள்ளைகளும் ஆளாகித்தான் வந்திருக்கிறார்கள். வைரம் இல்லாமல் நிற்க முடியாது என்று மரம் சொல்லவில்லை. இருக்கும் மரத்தில் அது தாங்குகிறது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு சின்ன விலகல். அகத்தே உறுதி உள்ளதை மரம் என்றும், புறத்தே உறுதி உள்ளதைப் புல் என்றும் நம் பழைய இலக்கணம் பிரித்து வைத்திருக்கிறது. தென்னையும் பனையும் மூங்கிலும் அந்தக் கணக்கில் புல். இன்றைய தாவரவியலும் மூங்கிலைப் புல் குடும்பத்தில்தான் வைக்கிறது. வெறும் கண்ணால் பார்த்துச் சொன்னவர்களை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. மூங்கிலை இழுத்ததற்குக் காரணம், “இயற்கை எல்லாவற்றையும் நன்மைக்கே செய்கிறது” என்று சொல்பவர்களுக்கு மூங்கிலிடம் பதில் இருக்கிறது.

நம் நாட்டின் மேற்கே சின் மலைகளிலும் எல்லைக்கு அப்பால் இந்தியாவின் மிசோரத்திலும் ஒரு வகை மூங்கில் வளர்கிறது. ஏறத்தாழ 48 வருடத்துக்கு ஒருமுறைதான் பூக்கும். பூத்தால் மலை முழுக்கச் சேர்ந்தாற்போல் பூக்கும், பேரிக்காய் பருமனில் காய்த்துக் கொட்டும், பிறகு எல்லாம் செத்துப்போகும். 1958, 1959 வாக்கில் ஒருமுறை, அடுத்து 2006லிருந்து சில ஆண்டுகள். வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் ஒரே தடவையில் கொடுத்துவிட்டுப் போகிறது, எவ்வளவு பெரிய தியாகம் என்று கவிதை எழுதலாம். ஆனால் அந்தக் காய்களைத் தின்று எலி பெருகும். காய் தீர்ந்ததும் எலிக்கூட்டம் மலைநெல்லுக்கும் சோளத்துக்கும் வரும். சின் மக்கள் அந்த ஆண்டுகளில் காட்டுக் கிழங்கைத் தோண்டித் தின்றார்கள். மூங்கில் ஏன் இப்படி ஒன்றாகப் பூக்கிறது என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. ஒரே நேரத்தில் கொட்டினால் எலியும் பன்றியும் எவ்வளவுதான் தின்றாலும் மிச்சம் விதை பிழைக்கும் என்பது. பொருத்தமான விளக்கம், ஆனால் இன்னும் கருதுகோள்தான். ஐம்பது வருடத்தை அது எப்படி எண்ணுகிறது என்பது தெளிவாகவில்லை.

2008 மே மாதம் நர்கிஸ் புயல் அடித்ததை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். ஐராவதி கழிமுகத்தில் இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் சேர்ந்து ஏறத்தாழ 1,38,000 பேர் என்பது கணக்கு. ரங்கூனில் பெரிய பெரிய மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. சாயாமல் நின்ற மரங்களிலும் இலை இல்லை. சில வாரங்களில் அந்த மொட்டை மரங்கள் தளிர்த்தபோது, “பார்த்தீர்களா சயா, இயற்கை நமக்கு நம்பிக்கை கற்றுத்தருகிறது” என்று ஒரு பழைய மாணவர் சொன்னார். சயா என்றால் பர்மிய மொழியில் ஆசிரியர். கழிமுகத்தில் குடும்பத்தையே இழந்துவிட்டு வந்த ஒருவர் அப்போது எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் பேச்சை மாற்றினேன். மரம் தளிர்த்தது உண்மை. தளிர்ப்பதற்கான மாவுச்சத்து வேரிலும் தண்டிலும் இருந்தது, தளிர்த்தது. அது யாருக்கும் எதையும் சொல்வதற்காகத் தளிர்க்கவில்லை. புயலும் யாரையும் தண்டிக்க வரவில்லை. இயற்கை ஆசிரியர் இல்லை. ஆசிரியராக இருந்தால் மிக மோசமான ஆசிரியர். முப்பது வருடம் அந்தத் தொழிலில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

சாவு எல்லா உயிருக்கும் ஒரே மாதிரி எழுதப்பட்டதும் அல்ல. மனிதருக்கு வயது ஏற ஏறச் சாகும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகிறது. மரத்துக்கு அப்படியா என்பது இன்னும் வழக்கு. பெரும்பாலான மரங்கள் முதுமையால் சாவதாகத் தெரியவில்லை. காற்று, வறட்சி, பூஞ்சை, தீ, கோடாலி இவற்றால்தான் சாகின்றன. அப்படியானால் மரத்துக்கு மூப்பே இல்லையா, அல்லது மூப்பு வருமுன் வேறு ஏதாவது வந்துவிடுகிறதா என்று ஆய்வாளர்கள் இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். எனவே “வயதாகிச் சாவதுதான் இயற்கையின் சட்டம்” என்று யாராவது அடித்துச் சொன்னால், அது நம்மைப் போன்ற உயிர்களின் சட்டம் என்று திருத்திக்கொள்ளுங்கள்.

துக்கப்படுவது மனிதர் மட்டும்தானா என்றும் கேட்டிருந்தீர்கள். நம் நாட்டில் காட்டு மரம் இழுக்கும் யானைகளுக்குப் பிறப்பு, இறப்பு, நோய் எல்லாம் எழுதிய பதிவேடுகள் உண்டு, தலைமுறைக் கணக்கில். அவற்றை வைத்து 2016ல் வந்த ஓர் ஆய்வு, இளம் தாய் யானைக்கு அதன் தாயும் கூடவே இருந்தால் குட்டி பிழைக்கும் வாய்ப்பு நன்றாகக் கூடுகிறது என்று காட்டியது. பாட்டி இருந்தால் குட்டி பிழைக்கும் என்பது நம் வீடுகளில் யாருக்கும் புதிய செய்தி இல்லை. ஆனால் எண்ணிக்கையில் காட்டியது நல்லது. கிழ யானை என்பது வெறும் பழுத்த இலை இல்லை என்பதற்கு அது சாட்சி. துக்கத்தைப் பொறுத்தவரை அவ்வளவு உறுதி கிடையாது. செத்த யானையைச் சுற்றி மற்றவை நிற்பதும், தும்பிக்கையால் தடவுவதும், செத்த குட்டியைத் தூக்கிக்கொண்டு அலைவதும் பலரும் கண்டு எழுதியவை. மேற்கு வங்கத்தின் வடக்கே தேயிலைத் தோட்டங்களில் ஐந்து குட்டிகள் கால் மேலாக மண்ணில் புதைந்து கிடந்ததை 2024ல் பதிவு செய்தார்கள். அவை தெரிந்தே புதைத்தனவா, அதற்குள்ளே நமக்கு இருப்பதுபோல ஒரு வலி இருந்ததா என்பதை யாராலும் இன்று சொல்ல முடியாது. எங்கள் ஊர்ப் பாகன்கள் சந்தேகமே இல்லாமல் “அழும்” என்பார்கள். யானையோடு நாற்பது வருடம் இருந்தவர்களின் பேச்சைத் தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை.

நிறைவாக வாழ்வது பற்றி. இதில் அறிவியல் எனக்கு உதவாது, சொந்த அபிப்பிராயம்தான் சொல்ல முடியும். இயற்கையைப் பார்த்து வாழக் கற்றுக்கொள் என்றால், எதைப் பார்த்து? 48 வருடம் சேர்த்து ஒருநாள் செலவழிக்கும் மூங்கிலையா? வருடம் தவறாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்க்கும் தென்னையையா? திஞ்சான் தண்ணீர்த் திருவிழாச் சமயத்தில் படாக் மரத்தைப் பார்த்திருப்பீர்கள். நம் வேங்கைக்கு நெருங்கிய உறவு. மொட்டு விட்டுக் காத்திருந்து, ஒரு மழை பெய்தபின் மரம் முழுக்க மஞ்சளாகப் பூத்து, மறுநாளே தரையில் கிடக்கும். “ஒரு நாள் வாழ்ந்தாலும் படாக்போல” என்று பேச்சுப் போட்டிகளில் பிள்ளைகள் முழங்குவார்கள். பூதான் ஒரு நாள். மரம் வருடம் பூராவும் நின்று, வேரை இறக்கி, கறையானோடு போராடிக்கொண்டிருந்தது. அந்தப் பகுதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எனக்குப் பிடித்தது தேக்கின் வளையம். வெப்ப நாட்டு மரங்களில் ஆண்டு வளையம் தெளிவாகத் தெரிவது குறைவு. தேக்கில் தெரியும். மழை நன்றாகப் பெய்த வருடம் அகலமான வளையம், வறண்ட வருடம் நூல்போல. நம் நாட்டுத் தேக்குகளின் வளையங்களை எண்ணி மூன்று நூற்றாண்டுப் பருவமழையின் வரலாற்றை 2011ல் எழுதியிருக்கிறார்கள். மெலிந்த வளையம் வந்த வருடம் மரம் தோற்றுப்போனது என்று சொல்ல மாட்டேன். கிடைத்த நீருக்கு ஏற்ற அளவு வளர்ந்தது. என் அப்பாவின் வாழ்க்கையில் 1964, 65ல் சொந்தக்காரர்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிப் போன வருடங்கள் அப்படி மெலிந்தவை என்று நினைக்கிறேன். அவர் போகவில்லை. ஏன் என்று கேட்டால், “மில்லில் கட்டை கிடக்குதே” என்பார். அது பதிலா என்று அப்போது எனக்குக் கோபம் வரும். கடைசி இரண்டு வருடம் பக்கவாதம் வந்து அவருக்குப் பேச்சு போய்விட்டது. கட்டில் சட்டத்தை விரலால் தட்டிக்கொண்டே இருப்பார். எனக்கு மரம் பார்க்கத் தெரிந்ததெல்லாம் அதற்கு முன்பே, மில்லுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் பையனாக இருந்தபோது, அவர் தட்டக் கேட்டுத் தெரிந்துகொண்டது. கல்லூரியில் அதற்கு லத்தீன் பெயர்களைச் சேர்த்துக்கொண்டேன்.

நாற்பது நாள் என்பது கொஞ்ச நாள். கருமாதி முடிந்தால் துக்கமும் முடிந்துவிட வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. சாப்பாடும் தூக்கமும் இல்லாமல் மாதக்கணக்கில் இழுத்தால் மட்டும் ஒரு டாக்டரிடம் பேசுங்கள், அதில் கூச்சம் வேண்டாம். வீட்டில் அம்மா இருந்தால், அவரிடம் யாரும் இலை உதாரணம் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி வேம்பு. மாசியில் வேம்பு இலை கொட்டுவது உங்கள் பக்கத்து வறண்ட சீமையில் வழக்கம்தான். ஆனாலும் கேட்டதற்காக, பார்க்கும் வழி சொல்கிறேன். கைக்கு எட்டும் ஒரு சுள்ளியை நகத்தால் மெல்லக் கீறுங்கள். அடியில் பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர் இருக்கிறது. ஒரு சுள்ளி காய்ந்திருந்தால் பதற வேண்டாம், நாலைந்து இடத்தில் பாருங்கள், கடைசியாக அடிமரத்தில். தண்ணீர் கொட்டிக் கொட்டி வேரை அழுக விடாதீர்கள், சுவரோரம் என்று பயந்து இப்போது கிளை கழிக்கவும் வேண்டாம். பங்குனி பாதிவரை பொறுங்கள். ஆனால் கீறிப் பார்க்காமலேயே எனக்குப் பாதி பதில் தெரிகிறது. இலை காய்ந்து கிளையில் தொங்குகிறது என்று நீங்கள் எழுதவில்லை, ஒன்று மிச்சமில்லாமல் கொட்டிவிட்டது என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.